சார்ஜ்: ஏற்றிய சுமை எங்கெல்லாம் இறங்குகிறது

கேள்வி இதுதான்: "சார்ஜ் என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சரியான அர்த்தம் என்ன? போனுக்கும் சார்ஜ், பஸ்ஸுக்கும் சார்ஜ், போலீஸ் தடியால் அடித்தாலும் சார்ஜ், கோர்ட்டில் வழக்கு வந்தாலும் சார்ஜ் என்கிறார்கள். எந்த இடத்தில் எந்த அர்த்தம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. அகராதியைத் திறந்தால் இருபது முப்பது அர்த்தம் வரிசையாக நிற்கும், அதை மனப்பாடம் செய்தாலும் பயனில்லை. இந்தச் சொல் பிறந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் அந்த முப்பதும் ஒரே குடும்பம் என்பது புரிந்துவிடும்.

லத்தீனில் 'கார்ரஸ்' என்றால் பாரவண்டி. ரோமானியர்கள் அந்தச் சொல்லை இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த 'கால்' (Gaul) என்ற இனத்தவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். வண்டியில் பாரம் ஏற்றுவது 'கார்ரிகாரே' ஆயிற்று. அது பழைய பிரெஞ்சு வழியாக உருமாறி, ஆங்கிலத்துக்குள் 'சார்ஜ்' என்று வந்து சேர்ந்தது. கார், கேரி, கார்கோ எல்லாம் இதன் பங்காளிகள்தான். கேலிச்சித்திரத்துக்கு 'கேரிகேச்சர்' என்கிறோமே, அதுவும் இத்தாலி வழியாக வந்த ஒன்றுவிட்ட சொந்தம். மூக்கையோ மீசையையோ அளவுக்கு மீறி 'ஏற்றி' வரைவதால் அந்தப் பெயர்.

ஆக, அடிப்படை அர்த்தம் சுமை. வினையாக வந்தால் சுமை ஏற்றுதல். நமக்கு இது புதிதல்ல. தமிழிலும் மூட்டையைச் சுமத்துகிறோம், பொறுப்பைச் சுமத்துகிறோம், பழியைச் சுமத்துகிறோம், வரியைச் சுமத்துகிறோம். ஆங்கிலம் இதே பாதையில்தான் போனது. நாம் நிறுத்திய இடத்தில் நிற்காமல் துப்பாக்கி, பீரங்கி, குதிரைப்படை, மின்சாரம் என்று இன்னும் கொஞ்ச தூரம் ஓடிவிட்டது, அவ்வளவுதான்.

முதலில் பணத்தை முடித்துவிடலாம், அது எளிது. ஒரு வேலைக்காக, சேவைக்காக உங்கள் தலையில் ஏற்றப்படும் தொகை சார்ஜ். சர்வீஸ் சார்ஜ், டெலிவரி சார்ஜ், பேங்க் சார்ஜஸ் எல்லாம் இந்த வகை. கூடுதலாக ஏற்றினால் சர்சார்ஜ், அநியாயமாக ஏற்றினால் ஓவர்சார்ஜ். இங்கே நம்மூர் ஆங்கிலத்தில் ஒரு வழக்கம் உண்டு. 'பஸ் சார்ஜ் எவ்வளவு?', 'ஆட்டோ சார்ஜ் ஏத்திட்டாங்க' என்று பேச்சில் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். தமிழ்ப் பேச்சில் அது தவறே இல்லை, எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது பஸ், ரயில், ஆட்டோ, விமானம் எதுவானாலும் பயணத்துக்குக் கொடுப்பது 'ஃபேர்'. டாக்டர், வக்கீல், பள்ளிக்கூடம் வாங்குவது 'ஃபீ'. சாலையில் சுங்கச்சாவடி வாங்குவது 'டோல்'. தப்பு செய்ததற்குக் கட்டுவது 'ஃபைன்'. கடைப் பொருளுக்கு 'பிரைஸ்'. மீதி இருக்கும் சில்லறைச் சேவைகளுக்கெல்லாம் சார்ஜ். வினையாக வரும்போது இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடும்; டாக்டர் ஐநூறு ரூபாய் 'சார்ஜ்' செய்தார் என்று தாராளமாக எழுதலாம்.

அடுத்தது பொறுப்பு. ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்கள் அதிகம் வழுக்கி விழுவது இங்கேதான். 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் பொறுப்பில் இருப்பவர். நடுவில் ஒரு 'த' நுழைந்து 'இன் த சார்ஜ் ஆஃப்' என்று ஆனால் கதை தலைகீழாகிவிடும். நர்ஸ் நோயாளிக்கு 'இன் சார்ஜ் ஆஃப்'. நோயாளியோ நர்ஸுக்கு 'இன் த சார்ஜ் ஆஃப்'. முதலாவதில் பார்த்துக்கொள்கிறவர், இரண்டாவதில் பார்த்துக்கொள்ளப்படுகிறவர். 'the' என்ற மூன்றெழுத்துக் குட்டிச் சொல் யார் சுமக்கிறார், யார் சுமை என்பதையே மாற்றிவிடுகிறது. பழைய ஆங்கில நாவல்களில் குழந்தைகளைக் கவனிக்க அமர்த்தப்பட்ட ஆசிரியை தன் 'இரண்டு சார்ஜஸ்' உடன் உலாவப் போனாள் என்று வந்தால், அவள் கையில் இரண்டு பில் இல்லை. அவளிடம் ஒப்படைக்கப்பட்ட இரண்டு பிள்ளைகள்.

நம் அரசு அலுவலகங்களில் இந்த அர்த்தம் நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. 'புது கலெக்டர் நேத்து சார்ஜ் எடுத்தார்' என்றால் பொறுப்பேற்றார். காலியாக இருக்கும் இன்னொரு பதவியையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு 'அடிஷனல் சார்ஜ்', அதாவது கூடுதல் பொறுப்பு. தலைமை ஆசிரியர் பணியிடம் காலியானால் மூத்த ஆசிரியர் ஒருவரை 'இன்சார்ஜ்' ஆக்குவார்கள். அவரைப் 'பொறுப்பு தலைமை ஆசிரியர்' என்கிறோம். வெளியுறவுச் செய்திகளில் வரும் 'ஷார்ஜே தஃபேர்' என்ற பிரெஞ்சுத் தொடரும் இதுவேதான். தூதர் இல்லாத நேரத்தில் தூதரகக் காரியங்களின் சுமை ஏற்றப்பட்டவர் என்று அதற்கு நேர் அர்த்தம். நம் நாளிதழ்கள் 'பொறுப்புத் தூதர்' என்று எழுதுவது மிகச் சரியான தமிழாக்கம்.

சரி, இப்போது கோர்ட். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் செய்தி படிக்கிறவர்களுக்கு மட்டுமல்ல, எழுதுகிறவர்களுக்கும் இதில் குழப்பம் இருக்கிறது.

இந்தியாவில் ஒரு குற்ற வழக்கு நகரும் வரிசை இப்படி. முதலில் எப்.ஐ.ஆர். அது தகவல் மட்டும். பிறகு போலீஸ் புலனாய்வு செய்து, முடித்ததும் நீதிமன்றத்தில் ஓர் அறிக்கை கொடுக்கிறது. குற்றம் நடந்திருக்கிறது, செய்தவர் இவர், சாட்சிகள் இவர்கள் என்று சொல்லும் அந்த அறிக்கைதான் 'சார்ஜ் ஷீட்', தமிழில் குற்றப்பத்திரிகை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 193-வது பிரிவு. வேடிக்கை என்னவென்றால் சட்டம் அதைப் 'போலீஸ் அறிக்கை' என்றுதான் அழைக்கிறது. 'சார்ஜ் ஷீட்' என்பது போலீஸ் ஸ்டேஷனும் பத்திரிகையும் சேர்ந்து நிலைநாட்டிய பெயர்.

அந்த அறிக்கை வந்துவிட்டதால் ஒருவர் மேல் 'சார்ஜ்' விழுந்துவிட்டதாக அர்த்தமில்லை. நீதிபதி ஆவணங்களைப் படித்து, விசாரணை நடத்த முகாந்திரம் இருக்கிறது என்று கண்டால், இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்ன செயலைச் செய்தீர்கள், அது இன்ன சட்டப் பிரிவின்கீழ் குற்றம் என்று தானே எழுதி, குற்றம்சாட்டப்பட்டவருக்குப் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். இதுதான் 'ஃப்ரேமிங் ஆஃப் சார்ஜ்', நாளிதழ் மொழியில் குற்றச்சாட்டுப் பதிவு. சட்டப்படியான 'சார்ஜ்' பிறப்பது இந்தக் கட்டத்தில்தான். அதற்கு முன்பே, ஆதாரம் போதாது என்று நீதிமன்றம் கருதினால் வழக்கிலிருந்து விடுவிக்கும். அதற்குப் பெயர் 'டிஸ்சார்ஜ்'. முழு விசாரணை நடந்து, குற்றம் நிரூபிக்கப்படாமல் வெளியே வருவது 'அக்விட்டல்', விடுதலை. ஒருவர் 'டிஸ்சார்ஜ்' ஆனதை 'நிரபராதி என்று தீர்ப்பு' என எழுதிவிடுகிறார்கள், அது தவறு. ஏற்றப்பட இருந்த சுமை ஏற்றப்படவே இல்லை, அவ்வளவுதான் அங்கே நடந்தது.

இந்த வரிசை இந்தியாவுக்கானது. பிரிட்டன் செய்தி ஒன்றில் ஒருவர் 'சார்ஜ்டு வித் மர்டர்' என்று வந்தால் அது நம் குற்றப்பத்திரிகையும் இல்லை, நம் குற்றச்சாட்டுப் பதிவும் இல்லை. அங்கே கைது செய்தவரைச் சில நாள்களுக்குள் ஒன்று முறைப்படி குற்றம்சாட்ட வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். அந்த முறைப்படியான முடிவைத்தான் 'சார்ஜ்டு' என்கிறார்கள். 'ரிலீஸ்டு விதவுட் சார்ஜ்' என்றால் குற்றம் சாட்டாமலே விட்டுவிட்டார்கள். அதை 'இலவசமாக விடுவிக்கப்பட்டார்' என்று மொழிபெயர்க்கும் இயந்திரங்கள் இன்றும் உண்டு.

ஒரு சின்ன இலக்கணம்: 'அக்யூஸ்' வந்தால் பின்னால் 'ஆஃப்' வரும், 'சார்ஜ்' வந்தால் 'வித்' வரும். இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது. ஆனால் 'சார்ஜ்டு வித்' என்றதும் குற்றம்தான் என்று முடிவு கட்டவும் கூடாது. மோசடி நடந்த ஒரு வங்கியைப் பற்றிய செய்தியில், மேனேஜர் 'சார்ஜ்டு வித் ஃப்ராடு' என்று முதல் பத்தியில் வரும். மூன்றாவது பத்தியில் ஒரு குழு 'சார்ஜ்டு வித் இன்வெஸ்டிகேட்டிங் த ஃப்ராடு' என்று வரும். மேனேஜர் மேல் மோசடிக் குற்றச்சாட்டு. குழுவின் மேல் எந்தக் குற்றமும் இல்லை, மோசடியை விசாரிக்கும் பொறுப்பு. அவசரத்தில் மொழிபெயர்க்கிறவர் குழுவையும் கூண்டில் ஏற்றிவிடுவார். 'வித்' என்பதற்கு அப்புறம் ஒரு குற்றத்தின் பெயர் நிற்கிறதா, செய்து முடிக்க வேண்டிய வேலை நிற்கிறதா என்று பாருங்கள், போதும்.

கோர்ட்டுக்குப் போகாமலே 'சார்ஜ்' வாங்குகிறவர்களும் உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியர் யாரிடமாவது 'பதினேழு பி' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(பி) பிரிவின்கீழ் தரப்படும் குறிப்பாணைதான் 'சார்ஜ் மெமோ'. சின்னத் தண்டனைக்கு 17(ஏ), பெரிய தண்டனை வரை போகக்கூடியதற்கு 17(பி). ஓய்வு பெறும் நேரத்தில் இது கைக்கு வந்தால் பணப் பலன்கள் நின்றுபோகும் என்பதால் அந்தப் பயம்.

சட்டத்தில் இன்னொரு சார்ஜ் இருக்கிறது, அதிகம் பேர் கவனிப்பதில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டத்தில் 100-வது பிரிவு அதைப் பற்றிப் பேசுகிறது. ஒரு சொத்து, யாருக்கோ சேர வேண்டிய பணத்துக்குப் பிணையாக நிற்கிறது, ஆனால் அது அடமானம் என்ற அளவுக்குப் போகவில்லை. அப்போது அந்தச் சொத்தின் மேல் 'சார்ஜ்' இருக்கிறது என்பார்கள். நம் பேச்சில் வில்லங்கம் என்கிறோமே, அந்தப் பெரிய கூட்டத்தில் இதுவும் ஒரு வகை. கம்பெனிகள் கடன் வாங்கிச் சொத்தின் மேல் சார்ஜ் உண்டாக்கினால் 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் பதிய வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். அதில் 'ஃபிக்ஸட் சார்ஜ்', 'ஃப்ளோட்டிங் சார்ஜ்' என்று இரண்டு. குறிப்பிட்ட கட்டடம், இயந்திரம் என்று ஒன்றின் மேல் நிலையாக நின்றால் முதலாவது. வந்துபோகும் சரக்கின் மேல் மிதந்துகொண்டிருந்தால் இரண்டாவது. ஒரு தொழிற்சாலையின் மின் ரசீதிலும் 'ஃபிக்ஸட் சார்ஜ்' இருக்கும். அது மீட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய கட்டணம். ஒரே கம்பெனியின் ஒரே ஃபைலில் இந்த இரண்டு 'ஃபிக்ஸட் சார்ஜ்' பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

நாட்டுக்கே இப்படி ஒரு சார்ஜ் உண்டு. அரசியலமைப்பின் 112-வது பிரிவு சில செலவுகளை இந்தியத் தொகுப்பு நிதியின் மேல் 'சார்ஜ்டு' என்று சொல்கிறது. குடியரசுத் தலைவரின் ஊதியம், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம், அரசு வாங்கிய கடனுக்கு வட்டி போன்றவை. நாடாளுமன்றம் இவற்றை விவாதிக்கலாம், ஓட்டுக்கு விட முடியாது. வண்டி கிளம்பும்போதே ஏற்றிவைத்த பாரம், நடுவழியில் யாரும் இறக்க முடியாது.

இனி தாக்குதல். துப்பாக்கியிலும் பீரங்கியிலும் மருந்தைத் திணிப்பதும் ஒரு வகை ஏற்றுதல்தான்; ஒரு வெடிக்குத் தேவையான மருந்தின் அளவு 'சார்ஜ்'. கல்குவாரியில் பாறையில் துளை போட்டு வைப்பதும், நீர்மூழ்கிக் கப்பலைத் தாக்கக் கடலில் போடும் 'டெப்த் சார்ஜ்' குண்டும் இதே. ஆயுதத்தை ஆயத்தமாக்கி நீட்டுவது என்பதிலிருந்து, நீட்டிக்கொண்டே பாய்வது என்ற அர்த்தம் கிளைத்ததாகச் சொல்லாராய்ச்சிக்காரர்கள் விளக்குகிறார்கள். கிரீமியப் போரில் 1854 அக்டோபர் 25 அன்று பாலக்லாவாவில் பிரிட்டிஷ் இலகு குதிரைப்படை, தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஓர் உத்தரவால், ரஷ்யப் பீரங்கிகளை நோக்கி நேராகப் பாய்ந்ததே, அதுதான் இந்த அர்த்தத்துக்கு வரலாறு தந்த பிரபலமான உதாரணம். மதம் பிடித்த யானை பாகனை நோக்கி ஓடினாலும் 'சார்ஜ்'தான், ஸ்பின்னரை அடிக்க பேட்ஸ்மேன் கிரீஸை விட்டு இறங்கி ஓடினாலும் 'சார்ஜ்'தான்.

'லத்தி சார்ஜ்' நம் நாட்டுத் தயாரிப்பு. லத்தி இந்திச் சொல், சார்ஜ் ஆங்கிலம். பிரிட்டிஷ் ஆட்சியில் ஒட்டிக்கொண்டவை இன்றுவரை பிரியவில்லை. லண்டன் பத்திரிகைகள் 'பேட்டன் சார்ஜ்' என்று எழுதும். தமிழில் தடியடி என்ற அருமையான சொல் இருக்கிறது. 'லேசான தடியடி' என்ற செய்தி வழக்கு மட்டும் எனக்கு என்றும் விளங்கியதில்லை. எந்த அளவுக்கு லேசு என்பதை அடி வாங்கியவரிடம்தான் கேட்க வேண்டும்.

மின்சாரத்துக்கு இந்தச் சொல் வந்ததும் இந்தப் பீரங்கி மைதானம் வழியாகத்தான். 18-ஆம் நூற்றாண்டில் லைடன் ஜாடி என்ற கண்ணாடிக் குடுவையில் மின்சாரத்தைத் தேக்கிவைத்துப் பார்த்தார்கள். பீரங்கியில் மருந்து ஏற்றுவதுபோல் குடுவையில் மின்சாரத்தை ஏற்றுவது 'சார்ஜ்', வெளியே பாயவிடுவது 'டிஸ்சார்ஜ்'. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1747-இல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து லண்டனில் இருந்த பீட்டர் காலின்சனுக்கு எழுதிய கடிதங்களில்தான் பிளஸ், மைனஸ் என்று இதைப் பிரித்துப் பேசினார். இத்தகைய ஜாடிகளை வரிசையாக இணைத்ததற்கு 'பேட்டரி' என்று பெயர் வைத்ததும் அவரே. அது பீரங்கி வரிசையின் பெயர்.

இயற்பியலில் சார்ஜ் ஒரு பண்பு. எலக்ட்ரானுக்கு அது எதிர்க்குறி, புரோட்டானுக்கு நேர்க்குறி. அளவு கூலோம் என்ற அலகில். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் இதை மின்னூட்டம் என்கிறது. இலங்கைப் பாடப்புத்தகமோ ஏற்றம் என்கிறது. எனக்குப் பிடித்தது இலங்கைச் சொல். மூலத்தில் இருக்கும் பாரம் ஏற்றும் வேலை அதில் அப்படியே நிற்கிறது. நம் வாயிலும் 'போன்ல சார்ஜ் ஏறுது', 'சீக்கிரம் இறங்கிடுது' என்றுதானே வருகிறது!

ஆனால் போன் பேட்டரியில் ஏறும் சார்ஜும் பாடப்புத்தகத்து மின்னூட்டமும் ஒன்றே என்று நினைத்துவிடாதீர்கள். நூறு சதவீதம் காட்டும் பேட்டரியிலும், செத்துப்போன பேட்டரியிலும் மொத்த மின்னூட்டம் ஒன்றுதான், பூஜ்யம். ஒரு முனையில் எத்தனை எலக்ட்ரான் உள்ளே போகிறதோ அத்தனை மறுமுனையில் வெளியே வருகிறது. உள்ளே லித்தியம் அயனிகள் ஒரு மின்முனையிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறுகின்றன; அதில் சேமிக்கப்படுவது வேதியியல் ஆற்றல். பெட்டியில் 5000 எம்.ஏ.ஹெச். என்று போட்டிருப்பது, அது முழுதாகத் தீரும்வரை வெளியே சுற்றில் ஓடக்கூடிய மின்னூட்டத்தின் அளவு. கணக்கிட்டால் 18,000 கூலோம். அப்புறம், 'போனுக்குச் சார்ஜ் போட்டியா?' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் 'புட் சார்ஜ்' என்று எழுத வேண்டாம். போனை 'சார்ஜ்' செய்கிறோம், அல்லது 'ஆன் சார்ஜ்' வைக்கிறோம்.

டிஸ்சார்ஜ் பற்றிப் பாதி சொல்லிவிட்டேன். மீதியும் இறக்கிவைத்தல்தான். ஆஸ்பத்திரி தன் பொறுப்பிலிருந்து நோயாளியை இறக்கி வீட்டுக்கு அனுப்புகிறது, ராணுவம் வீரரைப் பணியிலிருந்து விடுவிக்கிறது, கடன்காரர் கடனைத் தீர்க்கிறார், புண்ணிலிருந்து சீழ் வடிகிறது. மேட்டூர் அணையிலிருந்து வெளியேற்றும் தண்ணீரின் அளவும் டிஸ்சார்ஜ். அதை வினாடிக்கு இத்தனை கன அடி என்கிறோம். வினாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்கப் போனால் ஒரு டி.எம்.சி. (நூறு கோடி கன அடி). ரீசார்ஜ் என்பதிலும் இரண்டு உண்டு. சிம் கார்டுக்குப் பணம் ஏற்றினால் அது ரீசார்ஜ் என்று குழந்தைக்கும் தெரியும். நீர்வளத் துறை அறிக்கையில் 'ரீசார்ஜ்' வந்தால் அது நிலத்தடி நீர்ச் செறிவூட்டல், மழைத் தண்ணீரை மண்ணுக்குள் ஏற்றுவது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டீர்கள். முதலில் சொல்லுக்குப் பின்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். 'ஃபார்' வந்தால் பெரும்பாலும் பணம், 'அட்' வந்தால் பாய்ச்சல், 'வித்' வந்தால் குற்றம் அல்லது கடமை, 'டு' வந்து கூடவே கணக்கு, அறை எண் ஏதாவது இருந்தால் அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்கிறார்கள். அதிலும் தீராவிட்டால், யார் யார்மேல் எதை ஏற்றுகிறார்கள் என்று கேளுங்கள். 'ஆபீசர் இன் சார்ஜ் சார்ஜ்டு' என்று ஒரு தலைப்பைப் பார்த்தால், ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி மேல் குற்றச்சாட்டு என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். 'ஃப்ரீ ஆஃப் சார்ஜ்' என்றால் கட்டணமில்லை. 'ஃப்ரீட் ஆஃப் ஆல் சார்ஜஸ்' என்றால் எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுபட்டவர். வக்கீல் ஃபீஸ் கட்டாமல் அவர் தப்பித்திருக்க வாய்ப்பில்லை.